துளசிமணியின் இரண்டாவது டிஸ்க்

ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது மகுடபதிக்குப் பெரிய வேலையே இல்லை. சுவிட்சை அணைக்க வேண்டும், கேபினட்டின் பக்கத் தகட்டை எடுக்க வேண்டும், இரண்டு கேபிளை உருவ வேண்டும், நாலு ஸ்க்ரூ. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தின் சாட்சிப் பதிவறையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அவன் டீயைத் தொடாமலே கிளம்புவான். அங்கே வரிசையாக இருக்கும் இருபத்தாறு கம்ப்யூட்டர்களும் பார்வைக்கு ஏதோ தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரிதான் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆள் இருந்தார்.

நம் ஊர் வழக்குகளின் வேகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாட்சி சொல்ல வேண்டியவர் செத்து, அவர் பிள்ளைக்கும் தலை நரைத்த பிறகு குறுக்கு விசாரணைக்குத் தேதி கிடைக்கும். இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். வழக்கைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாட்சியைச் சாகவிடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. முக்கியமான சாட்சி படுக்கையில் விழுந்தால், தலைக்கு ஒரு கம்பித் தொப்பியை மாட்டி, நாலே நாளில் நினைவு மொத்தத்தையும் பிரதி எடுத்துவிடுவார்கள். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் பிரதி பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லும், எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டினால் அழவும் அழும்.

பதினாலாம் நம்பர் பெட்டியில் இருந்தவர் துளசிமணி. பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்த்தவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியில் தீப்பிடித்துப் பதினேழு பேர் கருகிப் போனார்கள். தப்பி வந்த துளசிமணியும் புகை குடித்த நெஞ்சோடு இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் இருமிவிட்டுப் போய்விட்டார். தீப்பிடித்த பிறகு வெளிக் கதவைப் பூட்டியது யார் என்று பார்த்த ஒரே கண் அவருடையது. அந்தச் சாட்சியின் கடைசிக் குறுக்கு விசாரணை நாளைக்குக் காலை பத்தரைக்கு. பெட்டி இன்றைக்குக் காலையில் மக்கர் செய்துவிட்டது.

மகுடபதி போனபோது மணி மூன்று. பெட்டிக்கு முன்னால் துளசிமணியின் மகள் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். தீப்பிடித்தபோது பத்தாவது படித்தவள், இப்போது இருபத்தாறு வயது. இத்தனை வருடத்தில் ஒரு வாய்தாவைக்கூட அவள் தவறவிட்டதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் சொந்தக்காரர்கள் பெட்டியோடு பேசலாம், அதையும் தவறவிட்டதில்லை. பதிவறைத் தலைமை எழுத்தர் நல்லசிவம் அவள் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, கழட்டாம அப்படியே ஓட்ட முடியாதுங்களா?" என்று மகுடபதியைக் கேட்டாள்.

"காத்தாலயே ஓட்டிப் பாத்திருக்காங்க. மிஷின் அந்த டிஸ்க்கைப் படிக்கப் போவுது, முடியறதில்லை, திரும்பத் திரும்ப முட்டுது. அதனாலதான் உங்கம்மா எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையிலயே நின்னுக்கறாங்க. கெட்டதை எடுத்துப்போட்டா மத்தது தடங்கலில்லாம ஓடும்."

"மத்ததுன்னா எது?"

மகுடபதி எழுத்தரைப் பார்த்தான். அவர் பதிவேட்டைத் திருப்பி விரலை வைத்துப் படித்தார். "முதல் டிஸ்க்குல தீப்புடிச்ச அன்னைக்குக் காத்தாலயிருந்து அந்தம்மா கண்ணை மூடறவரைக்கும். ரெண்டாவதுல அதுக்கு முந்துனது எல்லாம். பொறந்தது, வளந்தது, கல்யாணம், நீ பொறந்தது, எல்லாம். பழுது ரெண்டாவதுலன்னு மிஷினே எழுதிக் காட்டிருச்சு."

கோகிலவாணி பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். "அப்ப இனிமே எங்கம்மாளுக்கு அந்தத் தீயும் ஆஸ்பத்திரியும் மட்டுந்தான் தெரியும்."

"கோர்ட்டுக்கு அது போதும்மா," என்றார் நல்லசிவம். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நகல் எடுத்திருந்தா என்னங்க?"

"ஒருத்தருக்கு ஒரே பிரதிதாம்மா. நகல் எடுத்தா ரெண்டு சாட்சி ஆயிருமே. எடுத்தவன் ஜெயிலுக்குப் போவான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். பதினேழு வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கீழே வேப்பமரத்தடியில் வந்து காத்துக் கிடப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் போட்டாள் என்று மகுடபதிக்குத் தெரிந்தது. அவனாக இருந்தால் போட்டிருக்க மாட்டான்.

"நான் அஞ்சு மணிக்கு வருவேன்," என்றார் நல்லசிவம். "வழக்கமான மூணு கேள்வி கேப்பேன். சரியா பதில் வந்தா சீல் வெச்சிரலாம்."

அவர் போனதும் மகுடபதி சுவிட்சை அணைத்தான். கேபினட்டின் இரும்பை ஒரு தரம் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டு, பக்கத் தகட்டை எடுத்தான். உள்ளே இரண்டு டிஸ்க்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து தட்டையாக ஒட்டிக் கிடந்தன.

பொட்டு அவன் வைத்ததுதான். ஆயுத பூஜைக்கு எல்லா ஆபீசிலும் மானிட்டரில் ஒரு பொட்டு, சி.பி.யூ மேல் ஒரு பொட்டு என்று முடித்துக்கொள்வார்கள். இந்த அறையின் பராமரிப்பு அவனுக்கு வந்த முதல் வருடம், அது அவனுக்குப் போதவில்லை. ஆள் இருப்பது உள்ளே, பொட்டை வெளியில் வைத்தால் எப்படி? இருபத்தாறு பெட்டிகளையும் திறந்து, தூசி துடைத்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தன் விரலாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தான். அன்றைக்கு நல்லசிவம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதிலிருந்து வருடா வருடம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. நாலு வருடத்துச் சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது.

டிஸ்க்கின் நம்பரைப் பார்த்துத்தான் கழற்ற வேண்டும் என்பது விதி. நம்பர் சந்தனத்துக்குக் கீழே இருந்தது. சுரண்டினால் நம்பர் ஒட்டிய காகிதமும் கிழிந்துவிடும் போலிருந்ததால், கேபிளைப் பிடித்துக்கொண்டு போனான். மதர்போர்டில் இரண்டு என்று போட்ட இடத்திலிருந்து வந்த கேபிள் கீழ் டிஸ்க்கில் முடிந்தது. சந்தேகம் இருக்கக் கூடாதென்று ஒரு நிமிடம் மின்சாரம் கொடுத்து, டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். உள்ளே டக், டக் என்று முட்டியது. இதேதான். அணைத்துவிட்டு இரண்டு கேபிளையும் உருவி, நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, டிஸ்க்கைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல வெளியே எடுத்தான்.

கோகிலவாணி அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியை மறுபடி போட்டான். இரண்டு பேரும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். துளசிமணி எப்போது எழுந்தாலும் முதலில் வருவது இருமல்தான். அந்த இருமல் இல்லாமல் அவர் குரலை மகுடபதி கேட்டதே இல்லை.

"கோகி?" என்றது ஸ்பீக்கர். தெளிவான குரல், கொஞ்சம் அதட்டலான குரல். "ஏன் கண்ணு, இப்படி இருட்டாக் கெடக்குது? கரண்டு போயிருச்சா?"

கோகிலவாணி எழுந்தே விட்டாள். "ஆமாம்மா," என்றாள். "கரண்டு இல்லை."

"உன்ற தொண்டை என்ன இப்படிக் கட்டியிருக்குது? பெரிய பொம்பளையாட்டம்! ராத்திரி ஐஸ் வாங்கித் தின்னியா? சுக்குத் தண்ணி வெச்சுத் தரலாம்னா கம்பெனி வண்டி வந்துரும். பரிமளா வேற காத்துக்கிட்டு இருப்பா. அவ கல்யாண ஜாக்கெட்டுக்கு மணி கோக்கறதை இன்னிக்கு முடிச்சுத் தரேன்னு சொல்லிப்போட்டேன். சாப்பிட்டியா கண்ணு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுக்கு அம்மா கிடைத்துவிட்டாள், அதுவும் இருமல் இல்லாத அம்மா. சனிக்கிழமைகளில் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் தீயில் போன பரிமளாவிடம் வந்து நின்று அழுகையில் முடியும். இந்தத் துளசிமணிக்குப் பரிமளா இன்னும் கல்யாணப் பெண்ணாகவே இருந்தாள்.

மகுடபதிக்குப் புரிந்துவிட்டது. மைக்கை அணைத்தான். கழற்றிய டிஸ்க்கை எடுத்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் சந்தனத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். காரை காரையாக உதிர்ந்தது. நம்பர் தெரிந்ததும் பதிவேட்டைத் திறந்து பார்த்தான். அது முதல் டிஸ்க்கின் நம்பர். தீயும் கதவும் பூட்டும் இருந்த டிஸ்க்.

"கேபிள் மாறியிருக்குதுங்க," என்றான். "மிஷின் ரெண்டாவதுன்னு சொன்னது இதைத்தான்."

"யாரு மாத்துனது?"

"நான்தானுங்க. போன ஆயுத பூஜைக்கு ரெண்டையும் வெளிய எடுத்துத் தொடச்சேன். மாட்டறப்ப ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சு. நம்பர் தெரியலீங்க."

அவன் சொன்னது உண்மையில் பாதிதான். மீதிப் பாதி கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. சந்தனம் போன இடத்தில் ஒரு சின்ன வட்டம், அதன் நடுவில் குண்டூசி முனையளவு துளை. டிஸ்க் மூச்சு விடும் துளை அது. இதை மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பொட்டு வைக்கவே வரைந்து வைத்த மாதிரி வட்டம் எவ்வளவு கச்சிதம் என்று முதல் வருடம் அவன் சந்தோஷப்பட்டது ஞாபகம் வந்தது. நாலு வருடமாகத் தன் பொட்டு அடைத்திருந்த துளையை அவள் பார்க்காமல் கட்டைவிரலால் மறைத்தான்.

"ஏன் கெட்டுப்போச்சுங்க அது?"

"வயசாயிருச்சுங்க," என்றான்.

"சரி பண்ண முடியுமா?"

"முடியாதுங்க. உள்ள தட்டையே சொறண்டியிருக்கும்."

அவள் அம்மாவின் பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. "இருக்கட்டும். எங்கம்மா இருக்குது. இப்படியே இருக்கட்டும்."

மகுடபதி சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அஞ்சு மணிக்கு அவரு வந்து கேப்பாருங்க. பேரு என்ன, அன்னிக்கு எங்க இருந்தீங்க, என்ன பாத்தீங்க. இவங்களுக்குத் தெரியாது. சாட்சியம் இல்லாத பிரதியை ஒரு நாள்கூட வெச்சிருக்கக் கூடாதுங்க. அன்னிக்கே அழிச்சிரோணும். என்னையத்தான் அழிக்கச் சொல்லுவாங்க."

"அந்த யுவராஜ்?"

யுவராஜ் என்பது கம்பெனி முதலாளியின் மருமகன். பெயிலில் வந்து பத்து வருடமாகிறது. போன வருடம் இரண்டாவது கம்பெனி திறந்தான்.

"பூட்டுனதைப் பாத்தது உங்கம்மா மட்டுந்தானுங்களே."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே யாரோ வக்கீல் படியில் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார். தப்பைச் செய்தவன் மகுடபதி, தண்டனை அவளுக்கு.

"மணி என்னங்க?"

"மூணே முக்கால்."

"மைக்கைப் போடுங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"எங்கம்மா சொன்ன சாட்சியத்தை ஒன்பது வருசமா கேட்டிருக்கேன். எனக்கு வரி வரியாத் தெரியும். அவங்க பாத்ததை அவங்களுக்கே திருப்பிச் சொல்லப் போறேன்."

"இது தப்புங்க."

"பொய் ஒண்ணும் இல்லீங்களே," என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நான் சொல்லாட்டி இன்னிக்கே எங்கம்மா போயிரும். அவனும் தப்பிச்சுப் போயிருவான். சொன்னா ரெண்டும் நடக்காது. வேற என்ன பண்றதுங்க? நீங்களே சொல்லுங்க."

மகுடபதி வாசல் கதவைச் சாத்தினான். மைக்கைப் போட்டான்.

உடனே அவள் ஆரம்பித்துவிடவில்லை. பத்து நிமிடம் சும்மா பேசவிட்டாள். துளசிமணி பரிமளாவின் மாப்பிள்ளையைக் கேலி செய்தார். ஜாக்கெட்டுக்கு மயில் கழுத்துக் கலரில் மணி வாங்கியதைச் சொன்னார். கரண்டு ஆபீசை வாய் நிறையத் திட்டினார். மகள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். பிறகு நாற்காலியை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாமக் கேளு. இது உனக்கு நடந்தது. உனக்கு மறந்துபோச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் கீழ்த்தளத்துத் துணிக்கட்டுகளில் தீப்பிடித்ததை, புகை படியேறி வந்ததை, எல்லாரும் முன் கதவுக்கு ஓடியதை. கதவின் கண்ணாடிப் பட்டைக்கு அந்தப் பக்கம் யுவராஜ் நின்றதை. சரக்கைத் தூக்கிட்டு ஓடிருவாளுக என்று அவன் கத்தியதை, சாவியைத் திருப்பியதை. துளசிமணி நடுவில் இரண்டு முறை "சாமி" என்றார். பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு மின்ன ஆரம்பித்தது. டிஸ்க்கில் எழுதும்போது அந்த விளக்கு மின்னும். மகுடபதி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இதுவரை தீ தனி டிஸ்க்கில் இருந்தது. இப்போது மகள் பிறந்ததும் மயில் கழுத்துக் கலர் மணியும் இருக்கிற அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. இனி எதைக் கழற்றினாலும் தீ மட்டும் தனியாகப் போகாது.

"பின்னாடி கக்கூஸ் ஜன்னல்ல ரெண்டு கம்பியை வளைச்சீங்க. நீ மொதல்ல வெளிய வந்துட்ட. பரிமளா உள்ள இருந்து கையை நீட்டுனா. நீ அவ கையைப் புடிச்சுக்கிட்ட."

அங்கே நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மகுடபதிக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான். அந்தப் பெண்ணைக் கொன்றது நீயா, என் கட்சிக்காரரா என்று கேட்டுக் கேட்டுத் துளசிமணியை அழவைப்பார். இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லலாமா என்றிருந்தது அவனுக்கு. விட்டால் பழைய வாக்குமூலத்தோடு ஒத்துப்போகாது. பிரதி பழுது என்று நாளைக்கே மனுப் போட்டுவிடுவார்கள்.

"அப்பறம் என்னாச்சு கண்ணு? புடிச்சு இழுத்தனா?"

"இழுத்தம்மா. வரலை. கம்பி பழுக்கக் காஞ்சிருச்சு. உனக்குப் பொறுக்க முடியலை." கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். "நீ கையை விட்டுட்டம்மா."

பச்சை விளக்கு மட்டும் நிற்காமல் மின்னியது.

"நானா?" என்றார் துளசிமணி.

"ஆமாம்மா."

"பரிமளா?"

மகள் பதில் சொல்லவில்லை. அம்மாவும் திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மற்றதையெல்லாம் அவள் வேகமாகச் சொல்லி முடித்தாள்: ஆஸ்பத்திரி, இருமல், கம்பித் தொப்பி, இந்தப் பெட்டி, எதிர்த்தரப்பு வக்கீல், நாளைக்குப் பத்தரை மணி. தான் செத்துப்போனதைக் கேட்டபோது துளசிமணி "ஓ" என்று மட்டும் சொன்னார். பரிமளாவின் கையை விட்டதற்கு முன்னால் அது பெரிய விஷயமாக அவருக்குப் படவில்லை.

படியில் நல்லசிவத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

"கண்ணு," என்றார் துளசிமணி அவசரமாக, ரகசியம் பேசுகிற குரலில். "எந்தக் கையை விட்டேன்? வலது கையா, இடது கையா? அந்த வக்கீலு கேப்பானில்ல?"

அதை அவள் சொல்ல மறந்திருந்தாள். அல்லது சொல்லாமல் விட்டிருந்தாள்.

"வலது கையிம்மா," என்றாள் கோகிலவாணி.

நல்லசிவம் வந்தார், உட்கார்ந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று கேள்விகளையும் கேட்டார். துளசிமணி பெயரைச் சொன்னார், இடத்தைச் சொன்னார், பார்த்ததைச் சொன்னார். யுவராஜ் சாவியைத் திருப்பியது ஒரு சொல் மாறாமல் வந்தது. ஜன்னலுக்கு வந்ததும், மகள் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார். பிறகு, கேட்காமலே, "வலது கையிங்க," என்றார்.

எழுத்தர் மூன்று இடத்தில் டிக் அடித்தார். "பரவால்ல மகுடபதி. ரெண்டாவதை எடுத்தா ஆளே தடுமாறிப் போயிரும்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அந்தம்மா அப்படியே இருக்காங்க. இருமல்கூட நின்னுருச்சு பாருங்க." டிராயரைத் திறந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். "பெட்டியைத் தொறந்திருக்கீங்க. உள்ள ஒரு பொட்டு வெச்சிருங்க."

"வேண்டாங்க," என்றான் மகுடபதி.

"என்னய்யா, வருசா வருசம் நீதான வெப்ப?"

அவன் தகட்டை மாட்டி ஸ்க்ரூவை இறுக்கினான். கடைசி ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. பழுது அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், வயது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நல்லசிவம் தானே கேபினட்டின் மேல் ஒரு பொட்டை வைத்துவிட்டு அரக்கை உருக்கினார்.

"போறதுக்கு முந்தி ஒரு வார்த்தை பேசிக்கம்மா," என்றார் கோகிலவாணியிடம், நல்ல மனதோடு.

அவள் குனிந்தாள். "நான் கெளம்பறேன்மா."

சாப்பிட்டியா கண்ணு என்று கேட்காமல் துளசிமணி ஒரு தடவைகூட அவளை அனுப்பியதில்லை. இரண்டு பேரும் அதற்காக நின்றார்கள்.

"நாளைக்குப் பத்தரைக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

"சரி. அதுவரைக்கும் என்னைய அணைச்சு வெக்கச் சொல்லு கண்ணு."

மகுடபதி சுவிட்சை அணைத்தான்.